பாவாயி காலை நீட்டிய கதை

1

என் மனைவி பாவாயியின் காலிலிருந்து மாவுக்கட்டை வெட்டியெடுத்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. காலையில் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். "கட்டு வெட்டினார்கள். தொடை என் புஜம் அளவுக்கு மெலிந்து கிடக்கிறது. பாவாயி அழவில்லை. காலைப் பார்த்துவிட்டு, இது ஆருதுங்க என்று கேட்டாள்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தக் காலின் சொந்தக்காரி வெளியே படியிறங்கிப் போய், கொடியில் துணி உலர்த்திவிட்டு மேலே வருகிறாள். மலாயாத் தோட்டங்களில் கணக்கெழுதும் என்னைப் போன்ற கிராணிமார் வீடுகளைத் தரையிலிருந்து உயர்த்தித் தூண்கள் மேல் கட்டியிருப்பார்கள். பாம்பும் வெள்ளமும் உள்ளே வராது. வாசலுக்குப் போவதென்றால் மரப்படி இறங்கித்தான் ஆக வேண்டும். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடிக்கும்போது நான் இறங்குவேன். பின்னாலேயே எங்கள் மகள் சரோஜா பள்ளிக்கூடத்துக்கு இறங்குவாள். பாவாயி எங்கள் இருவரையும்விட அதிகமுறை ஏறி இறங்குகிறவள்.

இதை எழுத வைத்தது வாழப்பாடியிலிருந்து வந்த தபால். அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கையின் மாமனார் பாரவண்டியிலிருந்து விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டார். சேலத்தில் அறுவை செய்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "அண்ணிக்கு மலாயா டாக்டர் குடுத்த மருந்துக்கு என்ன பேரு? எழுதி அனுப்புங்க அண்ணா" என்று தங்கை கேட்டிருக்கிறாள். மருந்து எதுவும் கிடையாது என்று பதில் போட்டால் நம்பமாட்டாள். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஊரில் கால் கை உடைந்து படுத்திருப்பவர் வீட்டில் யாராவது இதை வாசித்துக் காட்டினால் பயன்படும் என்ற உறுதி எனக்கு உண்டு.

2

மழைக்காலத்தில் ஒரு மாலை, நனைந்த மரப்படியில் குடத்தோடு வழுக்கி, பாவாயி முட்டி குத்தி விழுந்தாள். முட்டிச்சில்லு இரண்டாகப் பிளந்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பார்க்க முடியாது என்று ரயிலேற்றிப் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே முதல் தொல்லை டாக்டரால் வரவில்லை, சீட்டு எழுதும் மேசையில் வந்தது. நான் துரையிடம் விடுப்புக் கேட்டுவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் பாவாயியைச் சேர்த்துவிட்டார்கள். சீனக் குமாஸ்தா அரைகுறைத் தமிழில் கணவன் பெயர் கேட்டிருக்கிறார். நம் பக்கத்துப் பெண் கணவன் பெயரை வாயால் சொல்வாளா? தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள். அவர் இரக்கப்பட்டு "விதவை" என்று எழுதிக்கொண்டார். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்குத் துரையிடம் கடிதம் வாங்கிக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் பார்வையாளர் சீட்டு கிடைத்தது.

டாக்டர் பிளந்த சில்லைக் கம்பியால் சேர்த்துக் கட்டி, காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார். எலும்பு கூடும் வரை கட்டு இருந்தது. வெட்டிய அன்று காலைப் பார்த்துத்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். முட்டி கொஞ்சம் மடங்கிய நிலையில் அப்படியே நின்றுவிட்டது. மேலும் மடங்கவில்லை, முழுதும் நீளவுமில்லை. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னார். கால் ஏன் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி நிற்கிறது என்று நான் கேட்டேன்.

"இனிமேல் மிஸ்ஸி பார்ப்பார்" என்றார்.

மிஸ்ஸி என்பவர் இங்கிலாந்தில் உடம்பு பிடிப்பதும் பயிற்சி கொடுப்பதும் மட்டுமே படித்துப் பட்டம் வாங்கி வந்த பெண்மணி. தைலம் தேய்த்து நீவிவிடுகிற வேலை என்று நான் எண்ணியிருந்தேன். அந்த அம்மாள் நீவியது கொஞ்சம். வேலை வாங்கியது அதிகம். அவருக்குத் தெரிந்த தமிழ் இவ்வளவுதான்: மெதுவா, இன்னும் கொஞ்சம், நீ செய்.

அவர் எனக்கு இங்கிலீஷில் விளக்கியதை அன்றன்றே குறித்துக்கொண்டேன். கட்டுக்குள் அசையாமல் கிடந்த தசை வெகு சீக்கிரம் கரைந்துவிடும். காலைத் தூக்குவதும் நேராக நிறுத்துவதும் தொடையின் முன்பக்கத் தசை. அது திரும்ப வளர வேண்டுமானால் அதற்கு வேலை கொடுக்க வேண்டும், அந்த வேலையை நோயாளிதான் செய்ய வேண்டும். முட்டிக்குள்ளும் அறுவை செய்த இடத்திலும் சதை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டு இளசாக இருக்கும்போதே அசைத்து அசைத்து விலக்க வேண்டும். முற்றவிட்டால் பிறகு இழுத்தாலும் வராது.

பயிற்சி பார்வைக்கு ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். முதலில் சுடுதண்ணீர் ஒற்றடம். பிறகு மல்லாந்து படுத்து முட்டியின் பின்பக்கத்தை மெத்தைக்குள் அழுத்துவது, தொடை இறுகும், அப்படியே சற்றுப் பிடித்துவிட்டுத் தளர்த்துவது. அடுத்தது, குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுச் சும்மா கிடப்பது. முட்டிக்கு அடியில் ஒன்றும் இருக்காது, அதன் பாரத்திலேயே அது கீழே தணிந்து நேராகும். அதன்பின் காலை நீட்டியபடியே தூக்குவது. கடைசியாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மடக்கி நீட்டுவது.

முதல் நாள் பாவாயி காலைத் தூக்கப் பார்த்தாள், தூக்க முடியவில்லை. நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. நான் குதிகாலைத் தாங்கப் போனேன். மிஸ்ஸி என் கையைத் தட்டிவிட்டார்.

"நீ செய்" என்றார் அவளிடம்.

"ஏனுங்க, இந்தம்மா நம்ம ரெண்டு பேர்ல ஆரைச் சொல்லுது?" என்றாள் பாவாயி.

"உன்னைத்தான்."

"நான் செய்யாம இங்க என்ன, மாவா ஆட்டிட்டு இருக்கறேன்?"

அந்தக் கோபத்தில் குதிகால் மெத்தையைவிட்டு ஒரு நூல் அளவு எழும்பியது. மிஸ்ஸி கைதட்டினார்.

மிஸ்ஸி எனக்கு ஒரு அளவும் சொல்லிக்கொடுத்தார். மட்டமான பலகையில் காலை நீட்டிப் படுக்கும்போது முட்டிக்கும் பலகைக்கும் நடுவே எவ்வளவு சந்து இருக்கிறது என்று கையால் பார்ப்பது. ஆரம்பத்தில் என் முஷ்டி நுழைந்தது. பிறகு உள்ளங்கை. நாங்கள் ஊருக்குக் கப்பலேறியபோது இரண்டு விரல் மட்டுமே நுழைந்தது. எனக்கு அப்போது நீண்ட விடுப்புக் காலம். ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும் நாளில் மிஸ்ஸி தெளிவாகச் சொன்னார்: "மடங்குவது வந்துவிடும். நீட்டுவதைத்தான் எல்லோரும் கோட்டைவிடுவார்கள். அந்த இரண்டு விரல் சந்து இப்போது மூடவில்லையென்றால் பிறகு மூடாது. ஆயுசுக்கும் சாய்ந்து நடப்பாள், இடுப்பும் கெடும். முட்டிக்கு அடியில் ஒருநாளும் தலையணை வைக்காதே."

தலையணை வைக்க மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

3

வெண்ணந்தூரில் எங்கள் வீட்டு வாசலில் மாட்டுவண்டி நின்றதும் என் அண்ணன் செங்கோடன் செய்த முதல் காரியம், அந்தத் தலையணையைக் கொண்டுவரச் சொன்னது.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா போன பிறகு சோளக்காடும் கிணறும் மாடும் அவர் பொறுப்பு. என்னை இங்கிலீஷ் படிக்க வைத்துக் கடல் தாண்ட அனுப்பியவர் அவர். கையில் எப்போதும் ஏதாவது வேலை இருக்கும். அப்பேர்ப்பட்டவர் தம்பி மனைவி காலொடிந்து வந்திருக்கிறாள் என்பதற்காகக் காட்டு வேலையை ஆளிடம் விட்டுவிட்டு, முன்கூடத்தில் நல்ல காற்று வரும் இடமாகப் பார்த்துக் கட்டிலைப் போட்டு, கட்டிலின் கால்மாட்டில் ஒரு நாற்காலியையும் போட்டு உட்கார்ந்துகொண்டார். பார்க்க வருகிற உறவுக்காரர்களுக்கு, எங்கள் பக்கத்தில் ஒறம்பரை என்போம், அவர்தான் விவரம் சொல்வார்.

"காலுக்குள்ள கம்பி வெச்சிருக்குது பாருங்" என்பார். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

"நெசமாலுமே கம்பியா? இரும்பா?"

"பின்ன என்ன, வாழநாரா?"

"அப்பறம் இடி இடிக்கறப்ப வாசலுக்குப் போவாத அம்மிணி" என்று ஒரு கிழவர் பாவாயியைப் பார்த்து அக்கறையோடு சொன்னார். அவர் போன பிறகு பாவாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அண்ணி தலையணையை முட்டிக்கு அடியில் வைப்பாள், நான் எடுப்பேன். "எதுக்குங்க எடுக்கறீங்க? இப்படி வெச்சாத்தான் அவளுக்கு சொகமா இருக்குது" என்பாள். உண்மைதான். மடக்கி வைப்பதுதான் சுகம். அந்தச் சுகம்தான் முட்டிக்குச் சத்துரு என்று விளக்கினேன். அண்ணி என்னைக் கல்நெஞ்சுக்காரனைப் பார்ப்பது போல் பார்த்தாள். ஆனாலும் தலையணை வைப்பது நின்றது.

சரோஜாவுக்கு ஊர் பிடிபடவில்லை. மலாயாவில் பிறந்தவள். எதைக் கேட்டாலும் "சூசா" என்பாள். மலாய்க்காரர் கஷ்டம் என்பதற்குச் சொல்லும் சொல் அது. கிணற்றில் தண்ணீர் சேந்துவது சூசா, சாணி மெழுகுவது சூசா. சூசா என்பது மலாயாவில் விட்டுவந்த சிநேகிதியின் பெயர் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். "அந்தப் புள்ளையையும் கூட்டியாந்திருக்கலாம்" என்று ஒருத்தி என்னிடமே சொன்னாள். எப்போது திரும்பிப் போவோம் என்று மகள் தினமும் கேட்டாள்.

4

ஊருக்கு வந்து சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, முட்டிக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தேன். உள்ளங்கை நுழைந்தது. என் கணக்கில் பிழை இருக்கும் என்று மறுபடியும் பார்த்தேன். உள்ளங்கைதான்.

மறுநாள் விடிந்ததும் பார்த்தேன், மூன்று விரல். மாலையில் பழையபடி உள்ளங்கை. தினமும் இப்படியே. காலையில் ஒற்றடம் வைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி செய்ய வைக்கும்போது அவள் குறை வைக்கவில்லை. தலையணையும் இல்லை. பின்னே பகலில் யார் இந்தக் காலை மடக்குகிறார்கள்?

ஒருநாள் வெளியே போகிறேன் என்று சொல்லிவிட்டு, எதிர்த் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நாள் முழுதும் கூடத்தைக் கவனித்தேன். பாவாயி துண்டுச் சுருளின் மேல் குதிகாலை வைத்துப் படுத்திருந்தாள். அண்ணன் வந்தார், கால்மாட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் இவள் கால் மடங்கிவிட்டது. நல்ல காலும் மடங்கியது, கெட்ட காலும் மடங்கியது. சேலையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் மத்தியானச் சோற்றுக்கு எழுந்து போகும்வரை அப்படியே இருந்தாள். அவர் போனதும் நீட்டினாள். வந்ததும் மடக்கினாள். பொழுது சாயும்வரை இதுதான் நடந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலாயாவில் வளரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். கணவனின் அண்ணன், அதாவது மச்சாண்டார், இருக்கும் இடத்தில் தம்பி மனைவி காலை நீட்ட மாட்டாள். அவர் எதிரில் கட்டிலில் உட்காரவும் மாட்டாள், நோயாளி என்பதால் அது மட்டும் தள்ளுபடி. அவரிடம் நேராகப் பேசுவதும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் அண்ணியிடம் சொல்வாள், அல்லது சுவரைப் பார்த்துச் சொல்வாள். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அண்ணனுக்கும் பாவாயிக்கும் இடையே நேரான வார்த்தை ஒன்றுகூட நடந்ததில்லை. அப்படியிருக்க, அவர் முகத்துக்கு நேரே உள்ளங்காலைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பாளா?

அன்று தனியாக இருந்தபோது கேட்டேன்.

"அவரு வாரப்ப மடக்கறியே. ஏன்?"

"நானா மடக்கறேன்? அதுவா மடங்கிக்குதுங்க."

"மிஸ்ஸி முன்னால நீட்டுனியே."

"அந்தம்மா எனக்கு மச்சாண்டாரா?"

சரோஜா குறுக்கே வந்தாள். "பெரியப்பாவை எந்திரிச்சுப் போகச் சொன்னா என்னப்பா? சூசா முடிஞ்சுது."

"வாயை மூடு" என்று பாவாயி அவளை அதட்டினாள். "நம்மளுக்காகக் காட்டை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கறவரைப் போகச் சொல்றதா? நல்லா வளத்தி வெச்சிருக்கறேன் உன்னைய."

நான் ஒவ்வொன்றாக முயன்றேன். கட்டிலைத் திருப்பலாம் என்றேன். அப்படித் திருப்பினால் தலை வடக்கே போகும், பிணத்துக்கா படுக்கை போடுகிறீர்கள் என்று அண்ணி சண்டைக்கு வந்தாள். உள்ளறைக்கு மாற்றலாம் என்றேன். அங்கே காற்று இல்லை என்று அண்ணன் மறுத்தார். காலின் மேல் போர்வை போர்த்தினேன். போர்வைக்குள்ளேயும் கால் மடங்கியது. சோளக்காட்டில் குருவி விழுகிறதாம், போய்ப் பார்க்கக் கூடாதா என்று அண்ணனிடமே சொல்லிப் பார்த்தேன்.

"குருவி தின்னா நாலு கருது போவும்" என்றார். "ஊட்டுப் பொம்பளை இப்படிக் கெடக்கறப்ப காட்டுல எனக்கென்ன வேல? நீ வெசனப்படாதடா தம்பி."

நாற்காலியைத் தள்ளிப் போடுங்கள் என்று என் அண்ணனிடம் சொல்லலாம் என்று இதை வாசிப்பவர்களில் சிலர் நினைக்கலாம். சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். பிறகு அந்தக் கூடத்துக்குள் வந்திருக்கவே மாட்டார். அவர் அன்பை அவர் வீட்டிலேயே வேண்டாம் என்று சொன்னதாக ஆகியிருக்கும்.

5

விடுப்பில் பாதி போய்விட்டது. பாவாயி கோல் ஊன்றி நடந்தாள். நடக்கும்போது முட்டி நீளாததால் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள், கொல்லைக்குப் போய் வருவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அதை எல்லோரும் பார்த்தோம். அண்ணனும் பார்த்தார்.

ஒருநாள் காலைச் சோறு முடிந்ததும் கால்மாட்டில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். பேச்சு என்னோடுதான், ஆனால் கூடம் முழுதும் கேட்கும்படி பேசினார்.

"தம்பி, நான் ஒரு முடிவு பண்ணியிருக்கறேன். நீ போய் வேலையப் பாரு. பாவாயி இங்கயே இருக்கட்டும். உன்ற ஊடு தூணு மேல நிக்குதுன்னு நீயே சொல்றே. மழை பேஞ்சா வழுக்குதுங்கறே. இந்தக் காலை வெச்சுக்கிட்டு அங்க போயி என்ன பண்றது? இங்க ஒரு துரும்பை எடுத்து அக்கட்ட வெக்கச் சொல்ல மாட்டோம். மகாராணியாட்ட இருக்கட்டும். சரோஜாவையும் விட்டுட்டுப் போ. அம்மா இல்லாம வயசுப் புள்ளைய நீ எப்படிப் பாப்பே?"

சொன்னதெல்லாம் நியாயம். தோட்டத்து வேலையை விட்டுவிட்டு நான் ஊரோடு தங்கவும் முடியாது. இவர்களை விட்டுப் போனால் அடுத்த நீண்ட விடுப்பு வரை இங்கே வர முடியாது. அதற்குள் மகளுக்குக் கல்யாணமே முடிந்திருக்கும். சரோஜா கதவோரம் நின்று அழ ஆரம்பித்தாள். அண்ணி "அட, பெரியப்பா உங்க நல்லதுக்குத்தான் கண்ணு சொல்றாரு" என்று தேற்றினாள்.

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"மாமா."

அண்ணன் தம் பின்னால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.

"மாமா, உங்களைத்தானுங்க. நானும் போறனுங்க."

அண்ணி கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. பாவாயி சுவரைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. மடங்கியிருந்த தன் முட்டியைப் பார்த்துப் பேசினாள்.

"இந்தக் காலு நீண்டாப் போயிரலாங்க. நீட்டச் சொல்லித்தான் அந்த மிஸ்ஸியம்மா வேல சொல்லிக் குடுத்து அனுப்புச்சு. காத்தால நீட்டறனுங்க. நீங்க வந்து உக்காந்தீங்கன்னா என்னால நீட்ட முடியலீங்க. பொழுதுக்கும் மடங்கியே கெடக்குது. நீங்க போவ வேண்டாங்க. நீங்க இருந்தாத்தான் எனக்குந் தைரியம். ஆனா காலு நீள மாட்டேங்குதுங்க மாமா."

அண்ணன் மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு தம் கைகளைப் பார்த்தார்.

"இத்தன நாளும் நானா அந்தக் காலைப் புடிச்சு மடக்கி வெச்சிருந்தேன்?" என்றார், யாரையும் கேட்காமல்.

எழுந்தார். போய்விடப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் நாற்காலியைத் தூக்கினார். வாசல் பக்கம் பார்த்துப் போட்டார். கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப நீட்டு சாமி. நான் வாசலப் பாத்துட்டு இருக்கறேன்."

பாவாயி காலை நீட்டினாள்.

6

அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த ஒறம்பரைகள் யாரும் கூடத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. "உள்ள காலு வேல நடக்குது. பொழுது சாஞ்சு வாங்க" என்று வாசலிலேயே அண்ணன் திருப்பி அனுப்பினார். சிலருக்குக் கோபம். அதை அவர் பொருட்படுத்தவில்லை.

முதுகைத் திருப்பியவர் காதைத் திருப்பவில்லை. பாவாயி மூச்சுப் பிடிப்பதை வைத்தே கால் மேலே போகிறதா கீழே வருகிறதா என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டார். காலைத் தூக்குவதைவிட மெல்ல இறக்குவதில்தான் தசைக்கு வேலை அதிகம் என்று மிஸ்ஸி சொன்னதை நான் சொல்லியிருந்தேன். அது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை என்னும் ஏற்றத்தால் தண்ணீர் இறைப்போம். சால் எனப்படும் தோல்வாளியைக் கயிற்றில் கட்டி, மாடுகளைச் சரிவில் இறக்கினால் சால் மேலே வரும். மாடுகள் சரிவில் பின்னோக்கி ஏறினால் சால் கீழே போகும். மாட்டை ஓட்டவிட்டால் சால் மோதிக் கிழியும். நிதானம் வேண்டும்.

"மெல்ல... மெல்ல எறக்கு... சாலு மோதப் போவுது... ஆங், அப்படி" என்று வாசலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

பாவாயி என்னிடம் முணுமுணுத்தாள்: "ஏனுங்க, உங்கண்ணன் என்னைய மாடுன்னே முடிவு பண்ணிட்டாரா?"

"மாடா இருந்தா இந்நேரம் சொன்ன பேச்சு கேட்டிருக்கும்" என்று வாசல் பக்கமிருந்து பதில் வந்தது.

இடையில் ஒருமுறை ஆர்வ மிகுதியால் அளவுக்கு மேல் செய்துவிட்டாள். மறுநாள் காலை முட்டி வீங்கிச் சுட்டது. அண்ணி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தக் கூடாது, குறைக்க வேண்டும். இதைத் தங்கை வீட்டார் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். செய்யும்போது இழுத்துப் பிடிப்பது போல் வலிப்பதும், சற்று நேரத்தில் அடங்குவதும் இயல்பு. அடுத்த நாளும் வீக்கமும் சூடும் இருந்தால் வேலை மிஞ்சிவிட்டது என்று பொருள். சில நாள் பாதியாக்கி, பிறகு கூட்ட வேண்டும். காய்ச்சல் வந்தாலோ, தையல் போட்ட இடம் கசிந்தாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ டாக்டரிடம் போக வேண்டும். பலம் கொண்ட ஆள் யாராவது நான் ஒரே இழுப்பில் நேராக்குகிறேன் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

கட்டிலில் செய்வது பழகியதும் நடை. பின்னோக்கி அடியெடுத்து வைத்து அந்தக் காலில் பாரத்தைச் சாய்த்தால் முட்டி தானாக நேராகும் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். முதலில் கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு கவலைச் சரிவைப் பற்றி யோசித்தது அண்ணன்தான். மாடுகளை அவிழ்த்த பிறகு சரிவு சும்மா கிடக்கும், மண் இறுகி வழவழப்பில்லாமல் இருக்கும். நான் கையைப் பிடித்துக்கொள்ள, பாவாயி முன்னோக்கி இறங்கி, பின்னோக்கி ஏறினாள். அண்ணன் கிணற்று மேட்டில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அதட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று பார்த்தார்.

"என்றா செங்கோடா, உங்க ஊட்டுல மாடு இல்லியா? ஆளையே பூட்டிட்டீங்க?"

"ஆமா, மலாயாவுல இப்படித்தான் எறைக்கறாங்களாம்" என்றார் அண்ணன்.

உள்ளங்கை நுழைந்த சந்தில் மூன்று விரல், பிறகு இரண்டு, பிறகு ஒன்று. ஒரு விரலில் நெடுநாள் நின்றது. நான் கவலைப்பட்டேன். பாவாயி கவலைப்படவில்லை, பயிற்சியை ஒருநாளும் விடவில்லை. ஒரு காலை ஒற்றடம் வைத்து, துண்டுச் சுருளை எடுத்த பின் கைவிட்டுப் பார்த்தேன். விரல் நுழையவில்லை. வேட்டி முனையைச் செருகிப் பார்த்தேன். அதுவும் நுழையவில்லை.

"என்றா ஆச்சு?" என்றார் அண்ணன் வாசலைப் பார்த்தபடி.

"பலகையோட ஒட்டிக்கிச்சு அண்ணா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "அப்ப ரெண்டு பேருக்கும் சேத்தே கப்பல் சீட்டு சொல்லிரு. புள்ளைக்குந்தான்" என்றார்.

7

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் இல்லாததால் கடலுக்குள் தள்ளி நிற்கும். படகில் போய், கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணிப்படியில் ஏற வேண்டும். அண்ணன் ரயிலில் எங்களோடு வந்து கரையில் நின்றுகொண்டார். கடல்மேல் வைக்கும் நம்பிக்கை அவருக்கு அவ்வளவுதான்.

படகு கப்பலை ஒட்டியபோது காற்று வீசியது. அலை மேலே தூக்கும்போது படி இடுப்பளவில் இருக்கும், கீழே இறக்கும்போது தலைக்கு மேல் போய்விடும். பாவாயி பார்த்துப் பார்த்துக் காலூன்றுவதைக் கண்ட படகுக்காரர், "அம்மாவுக்குக் காலு சரியில்லையா? மேலேருந்து கயித்துல நாற்காலி எறக்குவாங்க. சொல்லட்டுமா?" என்று கேட்டார். நோயாளிகளையும் கிழடுகளையும் அப்படித்தான் ஏற்றுவார்கள்.

நான் சொல்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வேண்டாங்க" என்றாள் பாவாயி. "நாற்காலிய வேற ஆருக்காச்சும் எறக்கச் சொல்லுங்க."

அலை உயர்ந்தது. அவள் முன்கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் படியில் கால் வைத்தாள். அடுத்த படிக்குப் போக அறுவை செய்த காலில் நிற்க வேண்டும். நின்றாள். முட்டி நேராக நின்றது. ஏறினாள். நின்று மூச்சு வாங்கினாள், மறுபடி ஏறினாள். மேல்தளத்தில் இருந்த மாலுமி கை நீட்டுவதற்குள் தளத்தில் இருந்தாள். சரோஜா குரங்குக்குட்டி மாதிரி பின்னாலேயே ஏறிவிட்டாள்.

மிஞ்சியது நான். இரண்டு காலும் நன்றாக உள்ளவன். படகு மேலே போயிற்று, நான் கால் வைக்கவில்லை. கீழே போயிற்று. மறுபடி மேலே போயிற்று, அப்போதும் வைக்கவில்லை. படகுக்காரர் என்னைப் பார்த்து, "ஐயாவுக்கு நாற்காலி சொல்லட்டுங்களா?" என்றார். படகில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஏணிப்படி அதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பாவாயி பாதி வரை திரும்பி இறங்கி வந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அலையப் பாக்காதீங்க, என்ற மொகத்தப் பாருங்க. நான் சொல்றப்ப காலை வெச்சாப் போதும்" என்றாள். "இப்ப வைங்க."

வைத்தேன்.